ருக்மணி லேபிளின் ஒற்றைக்கால் எழுத்து

போன மாதம் ஒரு நாள் காலை, உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தபோது ஷபானா போன் செய்தாள். நான் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்த திருத்தணி அச்சகத்தை இப்போது நடத்துவது அவள்தான். என் முதலாளி அன்வர் பாயின் மருமகள். கெட்டிக்காரி. நான் மூன்று நாள் எடுத்துக்கொண்ட வேலையை முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"ஆன்ட்டி, பழைய ஃபைலெல்லாம் ஒழுங்கு பண்ணிக்கினு இருந்தேன். ருக்மணி லுங்கி லேபிள் கெட்டுப் போயிருக்குது. ஆர் எழுத்துல ஒரு காலே காணோம். கவலப்படாதீங்க, நானே நல்ல காலா வச்சிட்டேன்."

"அடிப்பாவி, அந்தக் காலை உடனே எடு!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். யாரோ திருடனை விரட்டுகிறேன் என்று நினைத்திருப்பார்.

"ஏன் ஆன்ட்டி? கால் இருந்தா நல்லாதானே கீது?"

"நல்லா இருந்ததாலதான் ஒரு தடவை எட்டு வீட்டுத் தறி நின்னுது. நீ கைய எடு முதல்ல."

அவள் கேட்டதால் போனில் பாதிக் கதை சொன்னேன். அதற்குள் சோறு குழைந்துவிட்டது. மீதியையும் சேர்த்து எழுதி வைத்தால், என் காலத்துக்குப் பிறகு யாரும் அந்த எழுத்துக்கு வைத்தியம் பார்க்க மாட்டார்கள் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் எழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கிலீஷ் எழுத்தில் ஒரு வகை உண்டு. அதில் ஒவ்வொரு கோடும் முடிகிற இடத்தில் சின்னப் பட்டை ஒன்று, பாதம் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். நிற்கிற கோடு தடிப்பாகவும், சேர்க்கிற கோடு மெலிதாகவும் வரும். இன்னொரு வகையில் பாதமும் இல்லை, தடிப்பும் மெலிவும் இல்லை. தண்ணீர்க் குழாயை வளைத்தது போல எல்லாம் ஒரே கனம். இவற்றுக்குப் புத்தகத்தில் வேறு பெயர்கள் இருக்கும். எங்கள் அச்சகத்தில் முதலாவது கால் எழுத்து, இரண்டாவது மொட்டை எழுத்து. திருத்தணியில் இருந்துகொண்டு மொட்டைக்கு வேறு பெயர் தேடுவார்களா?

"கால் எழுத்து நின்னு பேசும்மா. மொட்டை எழுத்து ஓடிக்கினே பேசும்" என்பார் பாய். அவருடைய சட்டம் அதுதான். வக்கீல் லெட்டர்பேட், கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை படித்த படிப்பு, டாக்டர் சீட்டு, பள்ளிக்கூடச் சான்றிதழ் எல்லாம் கால் எழுத்து. டியூஷன் நோட்டீஸ், போர்வெல் வண்டி விளம்பரம், 'செருப்பை இங்கே விடவும்' எல்லாம் மொட்டை. ஒரு லாட்ஜ்காரர் 'ரூம் காலி இல்லை' என்று இங்கிலீஷில் கால் எழுத்தில் அடித்துத் தரச் சொன்னபோது பாய் மறுத்துவிட்டார்.

"இல்லன்றத இவ்ளோ கௌரவமா சொன்னா, வந்தவன் நின்னு பேச ஆரம்பிச்சிடுவான். மொட்டையில போட்டுக்கோங்க, அவனே போயிடுவான்" என்றார்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாம் ஈய எழுத்து. எழுத்துகளைப் பிரித்துப் போட்டிருக்கும் மரத்தட்டில், கேஸ் என்போம், எந்த அறையில் எந்த எழுத்து என்று கை பழக ஆறு மாதம். எழுத்துகளைத் தலைகீழாக, இடம் வலம் மாறிப் படிக்கப் பழகுவதற்குள் ஒரு வருஷம் ஓடிவிட்டது. பழகிய பிறகு பஸ் போர்டைச் சரியாகப் படிக்க முடியாமல் கே.ஜி.கண்டிகை போக வேண்டியவள் ஒரு முறை கனகம்மாசத்திரத்தில் போய் இறங்கினேன். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

பாய் புரூப் பார்க்கிற விதத்தைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். தாளை வாங்கியதும் முதல் வேலையாகத் தலைகீழாகத் திருப்புவார். "நேரா பாத்தா வார்த்தை தெரியும். தலைகீழா பாத்தாதான் எழுத்து தெரியும்." பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து, அதன் ஓரத்தை எழுத்துகளின் பாதத்தோடு ஒட்டி வைப்பார். எல்லாக் காலும் கார்டின் மேல் நிற்கிறதா, ஒன்று தொங்குகிறதா, ஒன்று தூக்கிக்கொண்டிருக்கிறதா என்று வரி வரியாகப் போவார். கல்யாணப் பத்திரிகைக்கு இருபது நிமிஷம் ஆகும். பெண் வீட்டார் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து, ஜாதகத்தில் ஏதோ தோஷம் கண்டுபிடித்துவிட்டாரோ என்று பயந்துகொண்டிருப்பார்கள்.

அவர் யாரையும் திட்டியதில்லை. எப்போதும் "நல்லாதான் கீது" என்பார். ஆனால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ஒரு தடவை துடைத்தால் பரவாயில்லை. இரண்டு தடவை துடைத்தால் மறுபடியும் கோர்க்க வேண்டும். மூன்று தடவை துடைத்தால் பின்பக்கம் போய் அழுதுவிட்டு வரலாம். அவர் மூன்று தடவை துடைத்ததை என் முழு சர்வீஸிலும் இரண்டு நாள்தான் பார்த்தேன். இரண்டு நாளும் அந்த ஆர் எழுத்தால்.

முதல் நாள் ஒரு வெள்ளிக்கிழமை. பொதட்டூர்பேட்டையிலிருந்து தணிகாசலம் என்று ஒருவர் வந்திருந்தார். எட்டு வீட்டுத் தறிக்கு நூல் கொடுத்து லுங்கி நெய்ய வைத்து, மூட்டை கட்டி, பஸ் மேலே போட்டு ஆந்திரா பக்கம் கொண்டுபோய் விற்கத் தொடங்கியிருந்தார். முதல் நூல் வாங்க மனைவி ருக்மணி தன் கம்மலைக் கழற்றிக் கொடுத்தாளாம். அதனால் லுங்கிக்கும் ருக்மணி என்றே பேர் வைத்திருந்தார்.

"பேரு இங்கிலீஷ்ல போடுங்க பாய். தமிழ்ல போட்டா ஆந்திராக்காரனுக்குத் தெரியாது. தெலுங்குல போட்டா எனக்குத் தெரியாது. இங்கிலீஷ்னா ரெண்டு பேருக்குமே தெரியாது, சண்டை இல்ல" என்றார்.

பாய் பெரிய கால் எழுத்தில் கோர்க்கச் சொல்லிவிட்டு ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டார். அந்த அளவில் எங்களிடம் இரண்டே இரண்டு ஆர். ஒன்று ஒரு வக்கீலின் லெட்டர்பேடில் மாட்டிக்கொண்டிருந்தது. மற்றதை எடுத்தேன், கை வழுக்கிக் கல் தரையில் குப்புற விழுந்தது. ஆர் எழுத்துக்கு இரண்டு கால். இடது கால் தூண் மாதிரி நேராக நிற்கும். வலது கால் சரிந்து இறங்கி, நுனியில் லேசாக மேலே வளைந்து பாதம் வைத்திருக்கும். அந்த எழுத்து முழுவதிலும் அழகான இடம் அதுதான். அது பாதியோடு போயிருந்தது.

எதிரே தணிகாசலம் மணி பார்த்துக்கொண்டு நின்றார். ஆந்திரா போகிற புத்தூர் பஸ் புறப்படுகிற நேரம். லுங்கி கட்டுகிறவன் எழுத்தின் காலையா பார்க்கப் போகிறான் என்று நினைத்துக்கொண்டு ஆயிரம் லேபிள் ஓட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். பாய் வந்து, மிச்சம் இருந்த ஒரு லேபிளைத் திருப்பிக் கார்டை வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். மூன்று தடவை.

"நல்லாதான் கீதும்மா" என்றார். சற்று நேரம் கழித்து, "அந்தம்மா பேரு ருக்மணிதானே? பாவம்" என்றார். நான் பின்பக்கம் போய்விட்டேன்.

சென்னையிலிருந்து புது ஆர் வரவழைத்தோம். ஆனால் அடுத்த தடவை வந்த தணிகாசலம் அதைத் தொடவே விடவில்லை. "போன தடவ சரக்கு ஒரே நாள்ல போச்சி. லேபிள் ராசி. ஒரு புள்ளிகூட மாத்தாதீங்க" என்றார். உடைந்த எழுத்தோடு கோர்த்ததை நூலால் கட்டி அலமாரியில் வைத்தோம். அவர் வரும்போதெல்லாம் எடுத்து ஓட்டிக் கொடுப்போம். ஒவ்வொரு தடவையும் அந்த ஆர் என்னைப் பார்த்து நொண்டுவது போல இருக்கும்.

லுங்கி நன்றாக ஓடியதும் யாரோ போலி போட்டார்கள். எங்கே அடித்தார்களோ, அந்த அச்சகத்தில் நல்ல ஆர் இருந்திருக்கிறது. போலி லேபிளில் கால் முழுசாக இருந்தது. அந்த லுங்கி ஒரு துவைப்பில் சாயம் விட்டு, கூடப் போட்ட வெள்ளை வேட்டியையும் பச்சையாக்கிவிடும். புத்தூர் பக்கத்து மொத்த வியாபாரி நரசய்யாதான் முதலில் வித்தியாசத்தைக் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து அந்தச் சந்தைகளில் நல்ல சரக்கின் பேர் 'காலு லேனி ருக்மிணி'. கால் இல்லாத ருக்மணி.

தணிகாசலம் இதைச் சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே வீட்டில் சொல்லியிருக்கிறார். ருக்மணி பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைக் குழம்பிலேயே போட்டுவிட்டு, மறுநாள் காலை முதல் பஸ் பிடித்து என்னிடம் வந்துவிட்டாள்.

"அக்கா, ஊரு ஊரா என்னை நொண்டின்னு சொல்லிக்கினு கீறானுங்க. கம்மலக் குடுத்தவளுக்கு இதான் மரியாதையா? எனக்கு ஒரு கால் வச்சிக் குடுங்க."

குற்றவாளியிடமே வந்து புகார் கொடுக்கிறாள். ஈய எழுத்துக்கு விடை கொடுத்துக் கம்ப்யூட்டர் வாங்கிய நேரம் அது. மெஷினோடு பழைய ஈயத்தையும் எடைக்குப் போட்டுவிட்டோம், கட்டி வைத்த ருக்மணியும் அதில் போய்விட்டாள். லேபிளைப் புதிதாகத்தான் அடிக்க வேண்டும். நான் அதே சாயல் உள்ள கால் எழுத்தாகத் தேடிப் பிடித்து, முழுக் காலோடு ஆர் போட்டேன். ஆண்டவனே வந்து என் பாவத்தைக் கழுவியது போல இருந்தது. பாய் புரூப்பைத் திருப்பி, கார்டை வைத்துப் பார்த்து, மூன்று தடவை கண்ணாடி துடைத்து, "நல்லாதான் கீது" என்றார். கம்ப்யூட்டர் ரூமில் தூசி என்று நினைத்துக்கொண்டேன். தணிகாசலம் உற்றுப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு போனார்.

பத்தே நாளில் பன்னிரண்டு மூட்டையும் பஸ் மேலேயே திரும்பி வந்தது.

தணிகாசலம் நேராக அச்சகத்துக்கு வந்து, ஒரு லுங்கியை மேஜை மேல் போட்டார். பாய் தண்ணீர் கொடுத்த பிறகுதான் சொன்னார். "நரசய்யா மூட்டையப் பிரிச்சதும் லேபிளப் பாத்தாரு. 'ஈ ருக்மிணிக்கி காலு உந்தி, மன ருக்மிணிக்கி காலு லேது'ன்னு திருப்பி அனுப்பிட்டாரு பாய். இவளுக்குக் கால் கீது, நம்ம ருக்மணிக்குக் கால் இல்லன்றாரு. நானே போலி சரக்கு கொண்டாந்துட்டேனாம். எட்டு வீட்லயும் தறிய நிறுத்திட்டேன். அவர் வேற லுங்கிக்குப் போயிட்டாருன்னா அப்புறம் திரும்பவே மாட்டாரு."

கெஞ்சிக் கேட்டதில் நரசய்யா ஒரு வழி விட்டிருந்தார். ஆடிக் கிருத்திகைக்கு எப்படியும் திருத்தணி மலைக்கு வருவார். அன்று அசல் லேபிளைக் கண்ணில் காட்டினால் சரக்கை எடுத்துக்கொள்வார். இல்லாவிட்டால் முடிந்தது. கிருத்திகைக்கு ஆறு நாள் இருந்தது.

காலை உடைப்பது என்ன பெரிய வேலை என்று நினைத்தேன். கம்ப்யூட்டரில் ஆர் எழுத்தைப் பெரிதாக்கி, வலது காலைப் பாதியில் வெட்டினேன். பாய் பார்த்துவிட்டு, "இது ஒடஞ்ச கால் இல்லம்மா. ஆப்பரேஷன் பண்ண கால்" என்றார். சரி என்று கொஞ்சம் பிய்த்துவிட்டேன். "இப்போ எலி கடிச்ச மாதிரி கீது." அன்று முழுவதும் உடைத்தேன். ஒரு காலத்தில் ஒரு விநாடியில், எந்த முயற்சியும் இல்லாமல் செய்த வேலை, இப்போது வேண்டுமென்று செய்தால் வரவில்லை.

பழைய லேபிள் ஒன்று வேண்டும். எங்களிடம் இல்லை. தணிகாசலத்திடம் இல்லை. கடைசியில், வீட்டு பீரோ கதவின் உள்பக்கம் முதல் லேபிள் ஒட்டியிருப்பதாக அவருக்கு ஞாபகம் வந்தது. ஒட்டியது ருக்மணி. பிய்த்தால் கிழிந்துவிடும். ஆகவே பாயும் நானும் மேலே வைத்துப் படியெடுக்கப் பட்டர் பேப்பர், பூதக்கண்ணாடி, கூர்ப் பென்சில் சகிதம் பொதட்டூர்பேட்டைக்கு பஸ் ஏறினோம். ஒரு எழுத்தைப் பார்க்க டிக்கெட் எடுத்துப் போன இரண்டு பேர் எங்கள் தொழிலில் நாங்களாகத்தான் இருப்போம்.

அவர்கள் தெருவில் இறங்கினோம். எப்போது போனாலும் காதைப் பிளக்கிற தறிச் சத்தம் அன்று இல்லை. வாசலில் உட்கார்ந்திருந்த நெசவாளிகள் எங்கள் கையில் இருந்த பூதக்கண்ணாடியைப் பார்த்து எழுந்து நின்றார்கள். ஏதோ பெரிய அதிகாரிகள் என்று நினைத்திருக்கிறார்கள். சிரிக்க வேண்டிய காட்சிதான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கை நழுவியது ஒரு தடவை, என் கை திருத்தியது ஒரு தடவை, இரண்டுக்கும் இவர்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.

ருக்மணி பீரோ முன்னால் நின்றுகொண்டிருந்தாள். "என் காலை எடுத்துக்கினு போகத்தான் ரெண்டு பேரும் வந்தீங்களா?"

பாய் தலை குனிந்துகொண்டார். நான்தான் சொன்னேன். முதல் வெள்ளிக்கிழமை என்ன நடந்தது, யார் கை வழுக்கியது, யார் மறைத்தது, எல்லாம். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இத்தினி வருஷம் எங்கூட்டுக்காரரு ராசின்னு கும்புட்டுக்கினு இருந்தது உங்க கை வழுக்குனதையா?"

"ஆங்" என்றேன்.

அவள் பீரோ கதவைத் திறந்துவிட்டாள். "வரஞ்சிக்கோங்க. தறி ஓடட்டும். ஆனா நான் நொண்டி இல்லன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு திரிய முடியுமா, அதையும் நீங்களே யோசிங்க." கதவின் உள்பக்கம் முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் அந்த லேபிள். தினமும் பொட்டு வைக்கும்போது பார்க்கிற இடம். பாய் பூதக்கண்ணாடியைப் பிடிக்க, நான் மூச்சை அடக்கிக்கொண்டு வரைந்தேன். அப்போதுதான் தெரிந்தது, எழுத்து வெட்டுப்பட்டிருக்கவில்லை. நசுங்கி, விளிம்பு ஒரு பக்கமாகப் பிதுங்கி, அதில் மை கொஞ்சம் கூடுதலாகப் பிடித்திருந்தது. உடைந்த இடத்திலும் கீழே ஒரு துளி பாதம் இருந்தது. அதைத்தான் நான் கவனிக்காமல் வெட்டிக்கொண்டிருந்தேன்.

கிருத்திகை அன்று ஊரே காவடியும் அரோகராவுமாக இருந்தது. வரைந்து வந்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றி லேபிள்கள் அடித்து வைத்திருந்தோம். ருக்மணியும் கணவரோடு வந்திருந்தாள். வெளியாள் முன்னால் நிற்கப் பிடிக்காமல் பலகைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து எனக்காகக் கல்யாணப் பத்திரிகைகளை மடித்துக்கொண்டிருந்தாள். நரசய்யா புது மொட்டையும் சந்தனமுமாக வந்தார். பெரிய உடம்பு, பெரிய மீசை. இத்தனை வருஷ வியாபாரத்தில் தணிகாசலம்தான் அங்கே போவார், இவர் வருஷா வருஷம் மலைக்கு வந்தாலும் சாமியைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார், அவர் வீட்டில் யாரையும் பார்த்ததில்லை.

லேபிளைக் கையில் கொடுத்தோம். இங்கிலீஷ் ஒரு எழுத்தும் தெரியாத அந்த மனுஷர் அதை வாங்கியதும் தலைகீழாகத் திருப்பினார். பாய்க்கு முகம் மலர்ந்துவிட்டது. வாழ்நாளில் முதல் முறையாகத் தன் கட்சிக்கு ஒரு ஆள் கிடைத்த சந்தோஷம். நரசய்யா கட்டைவிரல் நகத்தை அந்தக் காலின் மேல் வைத்து மெதுவாக இழுத்தார்.

"இதி மன ருக்மிணி" என்றார். பன்னிரண்டு மூட்டையும் நாளையே அனுப்பச் சொன்னார். தணிகாசலம் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அதோடு போயிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். நரசய்யா இடுப்பிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். எங்களுக்காகத் தமிழில் பேசினார்.

"தணிகாசலம், இது விபூதி. உன் சம்சாரத்துக்கு. ஒவ்வொரு ஆடிக் கிருத்திகையும் முன்னூத்தி அறுபத்தஞ்சு படி ஏறி, அந்தம்மா காலுக்குத்தான் நான் வேண்டிக்கிறது. கால் விளங்காத பொண்டாட்டி பேர லேபிள்ல போடறவன், எழுத்துலகூடப் பொய்யா ஒரு கால் வைக்காம, இருக்கறத இருக்கற மாதிரி போட்டான் பாரு. அந்த நேர்மைக்குத்தான் நைனா உன் சரக்க எடுக்கறேன். எங்க சந்தையில எல்லாருக்கும் இதத்தான் சொல்லி விக்கறேன்."

பாய் என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். தடுப்புக்குப் பின்னால் காகிதம் மடிக்கிற சத்தம் நின்றுவிட்டிருந்தது. இப்போது அவள் வெளியே வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், எட்டு வீட்டுத் தறியும் மறுபடி நின்றுவிடும். சொல்ல அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது.

ஒரு அடி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு தரையில் எதையோ இழுக்கிற சத்தம். மறுபடி ஒரு அடி, ஒரு இழுப்பு. ருக்மணி கையில் டீ டம்ளரோடு, வலது காலை இழுத்துக்கொண்டு வந்தாள்.

நரசய்யா பதறி எழுந்து டம்ளரை வாங்கிக்கொண்டார். "நுவ்வு எந்துகு தல்லி லேச்சாவு, நீ எதுக்கம்மா எழுந்திரிச்சே" என்று இரண்டு பாஷையிலும் கேட்டு, விபூதியை இரண்டு கையாலும் கொடுத்தார். அவள் நெற்றியில் இட்டுக்கொண்டு, குனிந்து புடவையின் மேலேயே வலது முழங்காலில் தடவிக்கொண்டாள். "நல்லா இருங்க நைனா" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அதை நடிப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நரசய்யா தெருமுனை திரும்பியதும் தணிகாசலம் வெடித்துச் சிரித்தார். "இன்னாமே, இன்னா நடிப்பு! சினிமாக்காரி தோத்தா போ!"

ருக்மணி சிரிக்கவில்லை. காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டாள். தணிகாசலம் அவளுக்கு மாமன் மகன். 'பாவா' என்றுதான் கூப்பிடுவாள்.

"யாரோ ஒரு மனுசன், மொகம் தெரியாதவன், நல்லா இருக்கற எங்காலுக்காக வருஷா வருஷம் மலை ஏறிக்கினு கீறாரு. கட்டிக்கினு இத்தினி வருஷத்துல எனக்கோசரம் நீ ஒரு படி ஏறி இருப்பியா பாவா?"

தணிகாசலம் பாயைப் பார்த்தார். பாய் உதவிக்கு வரவில்லை. என்னைப் பார்த்தார். நான் ஏற்கனவே அவருக்கு ஒரு எழுத்து உடைத்துக் கொடுத்திருந்தேன், அதற்கு மேல் என்னால் ஆகாது. சற்று நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, செருப்பை எங்கள் வாசலிலேயே கழற்றிப் போட்டு, அந்தக் காவடிக் கூட்டத்துக்குள் மலைப் பக்கமாக நடந்தார். ருக்மணி எழுந்து பின்னாலேயே போனாள்.

மறுநாள் மூட்டை அனுப்ப வந்தபோது அவள்தான் சொன்னாள். நூறாவது படியில் உட்காரப் பார்த்தாராம். "இன்னும் எரநூத்தி அறுபத்தஞ்சு கீது, எழுந்திரு பாவா" என்று சொல்லிவிட்டு, இவள் இரண்டு காலாலும் முன்னால் ஏறிப் போனாளாம்.